'பாய்காட்' ஒரு மனிதரின் பெயர்: யார் அந்த கேப்டன்?

சமூக ஊடகத்தைத் திறந்தாலே ஏதாவது ஒரு படத்தையோ பிராண்டையோ பாய்காட் பண்ணச் சொல்லும் ஹேஷ்டேக் கண்ணில் படுகிறது. நீங்களும் ஒன்றிரண்டை ஷேர் செய்திருப்பீங்க. அந்தச் சொல்லில் வரும் 'பாய்'க்கும் பையனுக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒருவரின் குடும்பப் பெயர்.

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார். பிறகு அயர்லாந்தில் குடியேறி, மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட் ஆனார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பண்ணையாரின் காரியஸ்தர்.

1880-ல் குத்தகைதாரர்கள் 25 சதவீதம் வாடகைக் குறைப்பு கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவர்களை ஒதுக்கி வையுங்கள் என்று ஐரிஷ் தலைவர் பார்னெல் எனிஸ் நகரில் பேசியது அதே மாதம்தான். மேயோ மக்கள் அந்த ஆயுதத்தை ஏஜென்ட் மேலேயே திருப்பினார்கள்.

பாய்காட்டை யாரும் அடிக்கவில்லை. வேலையாட்கள் பண்ணையை விட்டுப் போனார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள், துணி துவைக்கவும் ஆள் வரவில்லை. பயிர் வயலிலேயே நின்றது. கடைசியில் அல்ஸ்டர் பகுதியிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள்; அவர்களுக்குக் காவல் சுமார் 1,000 போலீஸாரும் படைவீரர்களும்! ஏறத்தாழ 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு வரை செலவானதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

இதற்கு ஒரு பெயர் வேண்டுமே? 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. பழைய ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயர் எழுதி ஒருவரை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த சொல். விவசாயிகளுக்கு அது புரியாது என்று, ஏஜென்டின் பெயரையே வினைச்சொல்லாக்கினார் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்த கதை இது. சொல் வேகமாகப் பரவியது. பிரெஞ்சும் ஜெர்மனும்கூட எடுத்துக்கொண்டன. 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்தவர்கள் அந்நியத் துணியைப் புறக்கணித்தபோது, இந்தியச் செய்தித்தாள்களிலும் இதே சொல்தான்.

ஆனா ஒன்று. அயர்லாந்தில் எளியவர்கள் வலியவருக்கு எதிராக எடுத்த ஆயுதம் இது. நம் நாட்டிலோ ஊரே கூடி ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரையும் கடையையும் மறுப்பதற்கும் 'சமூக பாய்காட்' என்றே பெயர். அதைத் தடை செய்ய மகாராஷ்டிரா 2016-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

பாய்காட் அந்தக் குளிர்காலத்திலேயே அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார். அடுத்த வருஷம் திரும்பி வந்தார். 1886-ல் இங்கிலாந்தின் சஃபோக்கில் வேறொரு எஸ்டேட்டுக்கு ஏஜென்டாகப் போனார். அதே வேலைதான். 1897-ல், 65 வயதில் அங்கேயே இறந்தார்.