நீர் தந்த பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட்

குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, எவருடைய உழைப்பால் வருகிறது, எவருடைய நிலத்தை வறளச் செய்துவிட்டு வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டிலே, ஒரு சிற்றூரைப் பெருநகரமாக வளரச் செய்தது ஒரு மனிதர் கொண்டுவந்த தண்ணீர். அந்த மனிதரைப் புகழின் உச்சியில் ஏற்றியதும் தண்ணீரே. ஒரே இரவில் அவரைக் கீழே தள்ளியதும் தண்ணீரே. அவர்தாம் வில்லியம் மல்ஹாலண்ட்.

மல்ஹாலண்ட் 1855-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். டப்ளின் நகரில் வளர்ந்தார். தந்தையார் அஞ்சல்துறையில் பணிபுரிந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்த வில்லியம், கத்தோலிக்கத் துறவியரான கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் பயின்றார். ஆயினும் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. குறைந்த மதிப்பெண் பெற்றதற்காகத் தந்தையிடம் அடிபட்ட அவர், வீட்டை விட்டு ஓடிக் கப்பலில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து; பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் வயதுதான்!

நான்கு ஆண்டுகள் கடலிலே அலைந்தபின், 1874-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கரையேறினார். மரம் வெட்டும் முகாமில் உழைத்தார். உறவினரின் துணிக்கடையில் பணிபுரிந்தார். பின்னர் மேற்கே கலிபோர்னியா செல்லப் புறப்பட்டார். வழியில், பனாமா நிலப்பகுதியைக் கடக்க இரயில் கட்டணம் இல்லாமையால், ஏறத்தாழ 47 மைல் தொலைவைச் சகோதரருடன் கால்நடையாகவே கடந்தார். 1877-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தபோது, அது ஒன்பதாயிரம் மக்களே வாழ்ந்த சிற்றூர். ஊருக்கு நடுவே ஓடிய சிறிய ஆறும், அதிலிருந்து பிரிந்த மண் வாய்க்கால்களுமே மக்களின் தாகத்தைத் தணித்தன.

அங்கே கிணறு தோண்டும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் புதையுண்ட மரமொன்றின் பகுதி வெளிப்பட்டது. பூமிக்கடியில் மரம் எப்படி வந்தது என்ற வியப்பு அவரை நூலகத்திற்கு அழைத்துச் சென்றது. பள்ளிப் புத்தகத்தை வெறுத்து ஓடியவர், இப்போது தாமே புத்தகங்களைத் தேடிச் சென்றார்! 1878-இல் குடிநீர் நிறுவனத்தில் வாய்க்காலைச் சுத்தம் செய்யும் கூலியாளாகச் சேர்ந்தார். பகலில் மண்வெட்டி, இரவில் கணிதமும் நிலவியலும் என்று காலம் கழிந்தது. 1886-இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், அந்நிறுவனத்தின் கண்காணிப்பாளரானார். 1902-இல் நகராட்சி குடிநீர் வழங்கலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, குழாய்கள் எங்கெங்கே புதைந்துள்ளன என்ற விவரமெல்லாம் அவர் நினைவிலேயே இருந்ததால், அவரையே தலைவராக வைத்துக்கொண்டது.

இதற்குள் மக்கள்தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மழையோ பொய்த்தது. மல்ஹாலண்ட் வீடுகளுக்குத் தண்ணீர் அளக்கும் மீட்டர்களைப் பொருத்தி வீண் செலவைக் குறைத்தார். அதுவும் போதவில்லை. நகரின் முன்னாள் மேயரும் அவருடைய நண்பருமான ஃபிரெட் ஈட்டன், வடக்கே இருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கை 1904-இல் அவருக்குக் காட்டினார். சியரா நெவாடா மலையின் பனி உருகி, அங்கே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றை நகருக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. 1907-இல் மக்கள் வாக்களித்து 2 கோடியே 30 இலட்சம் டாலர் கடன் திரட்ட ஒப்புதல் அளித்தனர்.

1908-இல் பெரும் பணி தொடங்கியது. பாலைவனத்தைத் தாண்டி, மலைகளைக் குடைந்து, பள்ளங்களில் எஃகுக் குழாய்களை இறக்கி 233 மைல் நீளத்திற்குக் கால்வாய் அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வெயிலிலும் குளிரிலும் பாடுபட்டனர். பெருங்குழாய்களைக் கோவேறு கழுதைகள் கூட்டம் கூட்டமாக இழுத்துச் சென்றன. இக்கால்வாயில் தண்ணீரை மேலேற்ற ஒரு பம்பு கூட இல்லை. உயரமான பள்ளத்தாக்கிலிருந்து தாழ்ந்த நகருக்குத் தன் எடையாலேயே தண்ணீர் ஓடி வந்தது! 1913-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் மதகுகள் திறக்கப்பட்டன. நுரை பொங்க விழுந்த நீரைக் காண முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். மல்ஹாலண்டோ இரண்டு சொற்றொடர்களில் பேச்சை முடித்துக்கொண்டார். கல்லூரி வாசலை மிதிக்காத அவருக்கு அடுத்த ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1930-இல் நகரின் மக்கள்தொகை 12 இலட்சத்தைத் தாண்டியது.

அன்புத் தோழியரே, இத்துடன் கதையை முடித்தால் அது பாதி உண்மையே ஆகும். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். ஆதிகுடிகளான பையூட் மக்கள் வெள்ளையர் வருமுன்னரே அங்கு வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள். பின்னர் வந்த உழவர்கள் பழத்தோட்டங்களும் பண்ணைகளும் அமைத்திருந்தனர். அங்கே நிலங்கள் வாங்கப்பட்டபோது, அவை அரசின் பாசனத் திட்டத்திற்காகவே என்று பலரும் நம்பினர். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. ஆற்றுநீர் தெற்கே திரும்பியது. 100 சதுர மைலுக்கும் பரந்திருந்த ஓவன்ஸ் ஏரி 1920-களில் வறண்டு போயிற்று. சினங்கொண்ட உழவர்கள் 1924-இல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் மதகுகளைக் கைப்பற்றி நீரை மீண்டும் ஆற்றுக்கே திருப்பிவிட்டனர். குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கு வந்து கூடி, சில நாட்கள் உண்டு தங்கினர். ஓர் ஊரின் தாகம் தீர, மற்றோர் ஊர் தாகத்தில் தவித்தது!

கால்வாய்க்கு ஆபத்து, மழையும் குறைவு. ஆகவே நகருக்கு அருகிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்க மல்ஹாலண்ட் விரும்பினார். சான் ஃபிரான்சிஸ்கிட்டோ என்ற பள்ளத்தாக்கில் செயின்ட் ஃபிரான்சிஸ் அணை எழும்பியது. கட்டும்போதே அதன் உயரத்தை இருமுறை பத்துப் பத்து அடி கூட்டினார்; அதற்கேற்ப அடித்தளத்தை அகலப்படுத்தவில்லை. தம் திட்டத்தை வேறு வல்லுநர் எவரும் ஆராயவும் இல்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அனைவரும் இருந்துவிட்டனர். 1926-இல் அணை முடிந்தது.

1928-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் காலை, கலங்கிய நீர் கசிவதாக அணைக் காவலர் செய்தி அனுப்பினார். மல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்தார். அச்சப்பட ஒன்றுமில்லை என்று கூறித் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது! 1,200 கோடி கேலனுக்கும் மேற்பட்ட நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து, 54 மைல் தொலைவில் இருந்த கடலை விடியற்காலையில் அடைந்தது. அணைக் காவலரும் அவருடைய சிறு மகனும் மாண்டனர். வழியில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர், உழவர், குழந்தைகள் என 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சான்டா பாலா என்னும் ஊரில், தொலைபேசி நிலையத்துப் பெண்கள் தங்கள் இடத்தை விட்டு நகராமல் வீடு வீடாக அழைத்து எச்சரித்தனர். காவலர் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்று கதவுகளைத் தட்டினர். பலர் உயிர் பிழைத்தது இவர்களாலேயே.

விசாரணை நடந்தது. எழுபத்திரண்டு வயது முதியவராகிய மல்ஹாலண்ட் தளர்ந்த நிலையில் வந்து அமர்ந்தார். கீழே பணிபுரிந்தவர்மேல் பழி போட்டிருக்கலாம். வெடிவைத்த பகைவர்மேல் ஐயத்தைத் திருப்பியிருக்கலாம். முதலில் அத்தகைய ஐயம் அவர் மனத்திலும் எழுந்ததுண்டு. ஆனால் இறுதியில், வேறு எவரையும் குறை கூற வேண்டாம், தவறு நேர்ந்திருந்தால் அது தம்முடையதே என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இறந்தவர்களைக் கண்டு தாம் பொறாமைப்படுவதாகவும் துயரத்தோடு கூறினார். மக்களின் உயிரைக் காக்க வேண்டிய பேரணையை, எத்துணைப் பெரியவராயினும், ஒரு தனி மனிதரின் முடிவுக்கு விட்டுவிடலாகாது என்று விசாரணைக் குழு கூறியது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் அணைகளின் பாதுகாப்பை மேற்பார்வையிடச் சட்டம் இயற்றப்பட்டது. அணையின் ஒரு பக்கம் பழங்காலத்தில் சரிந்த நிலத்தின்மீது அமைந்திருந்ததென்று பிற்காலத்து ஆய்வாளர் கண்டறிந்தனர். மல்ஹாலண்ட் பதவி விலகி, அமைதியாக வாழ்ந்து, 1935-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார்.

அவர் அமைத்த கால்வாய்க்கு இன்று நூறு வயதிற்கு மேலாகிவிட்டது. இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் முதுமை மனிதருக்கு மட்டுமா? 2014-ஆம் ஆண்டு ஜூலையில், கடும் வறட்சியின் நடுவே, 1921-இல் புதைத்த பழங்குழாயொன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வெடித்து, ஏறத்தாழ 2 கோடி கேலன் குடிநீர் வீதியிலே வீணாயிற்று. 2023 மார்ச்சில் பெருமழை வெள்ளம் கால்வாயின் ஒரு பகுதியை அரித்துச் சென்றது. வறண்ட ஏரியின் புழுதி ஓவன்ஸ் மக்களின் மூச்சை வருத்தியது. அதை அடக்க இருநூறு கோடி டாலருக்கும் மேல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் செலவிட்டுள்ளது. 2006-இல், தான் எடுத்த நீரில் ஒரு பகுதியை ஓவன்ஸ் ஆற்றுக்கே திருப்பி ஓடவிட்டது. கட்டிவிட்டால் மட்டும் போதாது. காக்கவும் வேண்டும், இழந்தவர்க்கு ஈடு செய்யவும் வேண்டும் என்பதை நகரம் காலந்தாழ்ந்து கற்றுக்கொண்டது.

மல்ஹாலண்ட் நல்லவரா, தீயவரா? அவரால் தாகம் தீர்ந்தவர் பல இலட்சம். அவரால் அழுதவரும் பலர். தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு நம் குற்றத்தை அறிக்கையிடுகிறோம். அதை ஆலயத்தில் சொல்வது எளிது. உடைந்த கண்ணாடிக்கு முன்னே, வகுப்பாசிரியை கேட்கும்போது சொல்வது கடினம். நாடே பார்த்திருக்கையில், எழுபத்திரண்டு வயதில், அதைச் சொன்னார் ஒருவர். மாண்டவர் அதனால் மீளவில்லை. ஆயினும் குற்றமற்ற வேறொருவர்மேல் பழி விழாமல் அது தடுத்தது. பிறர் சொல்லைக் கேளாமல் இருந்ததே அவர் பிழை. அந்தப் பிழையைத் தம்முடையதென்று ஏற்றதே அவர் பெருமை. முன்னதைத் தவிர்ப்போம், பின்னதைக் கைக்கொள்வோம். குழாயைத் திருகும் போதெல்லாம், அந்நீர் புறப்பட்ட ஊரையும் சற்றே நினைத்துக்கொள்வோம்!