தேயிலைக்கென்றே வாழ்ந்தவர்

கேகாலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, அவ்வட்டாரத்துப் பாடசாலையிலேயே ஆசிரியனாயினேன். ஒருமுறை என் மாணாக்கரிடம் வாழ்வின் குறிக்கோள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் தொழிலையே எழுதியிருந்தனர். ஒருவன் டீமேக்கராவான்; மற்றொருவன் கடை வைப்பான்; ஒருத்தி ஆசிரியையாவாள். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் என்ன செய்வார்கள், முதுமையில் யாரோடு இருப்பார்கள் என்பது ஒருவர் ஏட்டிலும் இல்லை. அன்று பாடநூலை மூடி வைத்துவிட்டு ஜேம்ஸ் டெய்லரின் வரலாற்றைச் சொன்னேன்.

ஸ்கொத்லாந்தில் 1835ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் பிறந்த டெய்லர், சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பதினேழு வயது நிறையுமுன், 1852இல், இலங்கைக் கரையில் இறங்கினார். கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டம் அவருடைய உலகமாயிற்று. அக்காலம் கோப்பியின் காலம். கோப்பி விளைந்து செல்வம் குவிந்த நாளிலேயே அவர் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்த்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பியில் இலைநோய் கண்டது. பலர் அழிந்தபோது நாட்டுக்குக் கைகொடுக்க அந்தப் பத்தொன்பது ஏக்கர் இருந்தது.

அவருக்கு முதலில் தொழிற்சாலை ஏது? பங்களாத் தாழ்வாரமே தொழிற்சாலை. அங்கே மேசைகளின்மேற் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பிற் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் உலர்த்தினார்கள். உருட்டிய கைகள் நம் முன்னோருடையவை. அவர்களின் பெயர்களை எழுதி வைத்தார் இல்லை. 1872இல் உருட்டும் பொறியோடு தொழிற்சாலை எழுந்தது. மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. 1880இல் இலங்கையின் உற்பத்தி ஏறத்தாழ 81 தொன். 1890இல் 22,900 தொன்னை எட்டிற்று. தேயிலை மலையை விட்டிறங்கி எங்கள் சப்ரகமுவத் தாழ்நிலங்களிலும் வேர்விட்டது.

தொழிற் குறிக்கோளில் இவ்வளவு தெளிவாயிருந்தவர் தமக்கென ஒரு குறிக்கோளும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. மணஞ்செய்யவில்லை, பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1874இல் எடுத்த ஒரேயொரு விடுமுறையில் அவர் சென்ற இடம் டார்ஜிலிங். அங்கும் தேயிலை பார்க்கவே! இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தந்தையார் தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர். ஓய்வு பெற்ற பின்னும் விடியுமுன் எழுந்து, பிரட்டுத் தப்பு ஒலிக்கும்வரை திண்ணையிற் காத்திருப்பார். ஒலித்ததும் எழுந்து இரண்டடி நடப்பார். பிறகு நினைவு வந்து உட்காருவார். நாங்கள் அவரோடு பேசப் பழகியிருக்கவில்லை. அவரும் எங்களோடு பேசப் பழகியிருக்கவில்லை.

டெய்லருக்குத் திண்ணையும் கிட்டவில்லை. நாற்பது ஆண்டு உழைத்த தோட்டம் அவருக்குச் சொந்தமன்று, வேறொருவருடையது. 1892இல் உரிமையாளர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அவரோ அவ்விடத்தை விட்டுப் போக மனமின்றி இருந்தார். போவதற்கு வேறு இடந்தான் ஏது? அவ்வாண்டு மே 2ஆம் நாள் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். வயது 57.

கண்டி மகியாவ மயானத்திற்கு அவ்வுடலைக் கொண்டு சேர்க்க 24 தொழிலாளர் வேண்டியிருந்தனர். பருத்த உடல், நீண்ட மலைப்பாதை. பன்னிருவராகப் பிரிந்து தோள் மாற்றி மாற்றிச் சுமந்து சென்றார்கள். அவ்விறுதி ஊர்வலத்தில், வழிநெடுகத் தேயிலை தளிர்த்திருக்கும்.