ஊதாவுக்கு அப்பால்

சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் குயினைன், குளிர்காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாக விளங்கிய காலம் அது. அதனை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால், கரைசல் தண்ணீரைப் போலத் தெளிந்து, நிறமற்று இருக்கும். ஆயினும் வெயில் நுழையும் பக்கத்தில், கரைசலின் பரப்பை ஒட்டி, மெல்லிய நீலப் படலம் ஒன்று மின்னும். 1845ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்டதில் ஒரு புதிர் இருந்தது. முதற்கலத்தைக் கடந்து வந்த ஒளியை இரண்டாம் கலத்தின்மீது விழச்செய்தால், அங்கே நீலம் தோன்றுவதில்லை. கடந்து வந்த ஒளியோ பார்வைக்குச் சற்றும் மாறாதிருந்தது. அப்படியானால் முதற்கலத்தில் அந்த ஒளி இழந்தது எது?

இவ்வினாவைக் கையிலெடுத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் ஸ்கிரீன் என்னும் சிற்றூரில், 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தேவாலயக் குரு ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தவர். டப்ளினிலும் பிரிஸ்டலிலும் பயின்று, கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, 1841இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். பாகுநிலை மிக்க நீர்மத்தில் விழும் கோளத்தைப் பற்றி இயற்பியல் வகுப்பில் படிக்கும் ஸ்டோக்ஸ் விதி இவருடையதே. 1849இல், முப்பதாம் வயதில், லூக்காசியன் பேராசிரியர் ஆனார். ஒருகாலத்தில் நியூட்டன் வகித்த பதவி அது. பெருமைக்கேற்ற ஊதியம் அதற்கில்லை. அதனால் பின்னாளில் இலண்டனிலிருந்த சுரங்கக் கல்விப் பள்ளியிலும் அவர் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

நியூட்டனின் பதவியில் அமர்ந்தவருக்கு நியூட்டனின் கொள்கையே தடையாக நின்றது. முப்பட்டகத்தால் பிரிக்கப்பட்ட ஒளிக்கதிர் ஒவ்வொன்றுக்கும் தனக்கெனக் குறித்த விலகுதன்மை உண்டு. எந்தப் பொருளைக் கடந்தாலும், எதில் பட்டுத் திரும்பினாலும் அது மாறுவதில்லை என்பது ஒன்றரை நூற்றாண்டாக ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்தது. ஸ்டோக்ஸும் முதலில் அந்த எல்லைக்குள் நின்றே விடை தேடினார். எந்த விளக்கமும் பொருந்தவில்லை.

முடிவில் அவர் ஒளியையே கேட்டார் எனலாம். இருட்டறைக்குள் சிறு துளை வழியே வெயிலை வரவிட்டு, முப்பட்டகத்தால் நிறமாலையாக விரித்தார். குயினைன் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குழாயைச் சிவப்பு முனையில் பிடித்து மெல்ல நகர்த்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என எதைக் கடந்தபோதும் குழாய் வெறுந்தண்ணீர்போல் இருந்தது. ஊதாவின் கடைசிப் பகுதியை எட்டியபோது நீலம் எழுந்தது. ஊதாவும் முடிந்தது; கண்ணுக்கு அங்கே ஒளி என ஒன்றுமில்லை. அந்த இருளில் குழாய் நீலமாகச் சுடர்ந்தது.

ஹெர்ஷலின் புதிர் அவிழ்ந்தது. முதற்கலத்தில் வெயில் இழந்தது புற ஊதாக் கதிரை. காணாத ஒன்று குறைந்ததால் கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லை. அக்கதிரை உட்கொண்ட குயினைன், குறைந்த விலகுதன்மையுடைய நீல ஒளியை வெளியிட்டது. மாறாதது எனப்பட்டது மாறியிருந்தது. 1852இல் இலண்டன் அரச கழகத்தின் முன் அவர் வைத்த நெடிய கட்டுரையில், இலைச்சாற்றின் செந்நிற ஒளியும் மஞ்சளின் கரைசலும் இடம்பெற்றன. இப்பண்புடைய ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரைக்கொண்டு அவர் சூட்டிய பெயரே ஃபுளோரசன்ஸ், தமிழில் உடனொளிர்வு.

சாலைப் பணியாளர் அணியும் மேற்சட்டையும் ஹைலைட்டர் பேனாவின் மையும் கண்ணைப் பறிப்பதற்குக் காரணம் இதுவே. சாதாரண ஆரஞ்சுத் துணி, தன்மீது விழும் ஒளியில் ஆரஞ்சைத் திருப்பி அனுப்பி, ஏனையவற்றை விழுங்கி வெப்பமாக்கிவிடும். வந்த ஆரஞ்சைவிட மிகுதியாக அதனால் தர இயலாது. உடனொளிரும் துணியோ தான் விழுங்கும் நீலத்தையும் பச்சையையும் புற ஊதாவையும் ஓரளவு ஆரஞ்சாக மாற்றிச் சேர்த்துத் தருகிறது. எனவே விழுந்த ஆரஞ்சைவிடப் புறப்படும் ஆரஞ்சு மிகுகிறது. மொத்த ஆற்றலில் ஒரு துளியும் கூடுவதில்லை. நிறத்தின் கணக்கு மட்டுமே மாறுகிறது. மப்பும் மந்தாரமுமான நாளிலும் பொழுது சாயும் வேளையிலும் வானொளியில் குறைந்த அலைநீளக் கதிர்களின் பங்கு மிகுதியாதலால், அந்நேரத்தில் அத்துணி மேலும் எடுப்பாகத் தெரிகிறது. இரவில் வண்டி விளக்குப் பட்டு மின்னும் பட்டைகள் வேறு. அவை ஒளியை வந்த வழியே திருப்புபவை, மாற்றுபவை அல்ல.

உமிழப்படும் ஒளியின் அலைநீளம் உட்கொண்டதைவிட மிகுதி என்பது ஸ்டோக்ஸ் வகுத்த விதி. மூலக்கூறு தான் பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வாக இழந்து, எஞ்சியதை ஒளியாகத் தருகிறது என்னும் விளக்கம் குவாண்டம் கொள்கை வந்தபின் கிடைத்தது.

இவ்வளவு நுண்ணிய ஆய்வுக்கு அவர் கையாண்ட கருவிகள் எளியவை. தேவாலயச் சாளரங்களில் பதிக்கும் கருநீலக் கண்ணாடியால் வெயிலை வடிகட்டினார்; பொருளிலிருந்து வரும் ஒளியை மஞ்சள்நிறத் திராட்சை மது நிறைந்த கிண்ணத்தின் வழியே நோக்கினார். நீலக்கண்ணாடி விட்ட ஒளியை மது தடுத்தது; புதிதாய்ப் பிறந்த ஒளி மட்டும் கண்ணை அடைந்தது. இன்றைய உடனொளிர்வு நுண்ணோக்கியின் இரு வடிகட்டிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

1857இல் மணம் புரிந்தபோது, மணமானோர்க்கு இடமில்லை என்ற கல்லூரி விதியால் அவர் தம் ஆய்வாளர் பதவியை விட்டார். விதி மாறியபின் அது மீண்டும் கிடைத்தது. 1854 முதல் முப்பத்தோராண்டுகள் அரச கழகத்தின் செயலராக இருந்து, பிறருடைய கட்டுரைகளைத் திருத்துவதிலும் அவர்களுக்கு மடல் எழுதுவதிலுமே பெரும்பொழுதைக் கழித்தார். அறிவியலுக்கு இது இலாபமா இழப்பா என்று சொல்வது கடினம். கதிரவ நிறமாலையின் கருங்கோடுகளுக்குக் காரணத்தைக் கிர்க்காஃப் வெளியிடுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஸ்டோக்ஸ் தமக்குக் கூறியதாக நண்பர் கெல்வின் வற்புறுத்தினார். ஸ்டோக்ஸ் அவ்வுரிமையை ஏற்க மறுத்தார். தாம் வெளியிடாததும் முழுமையாக நிறுவாததும் தமதன்று என்பது அவர் நிலைப்பாடு.

1903 பிப்ரவரி முதல் நாள் கேம்பிரிட்ஜில் அவர் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், கொல்கத்தாவில் திருச்சிராப்பள்ளி மண்ணின் மைந்தர் சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் நீர்மங்களில் சிதறிய ஒளியில் நிறமாற்றம் ஒன்றைக் கண்டனர். அதுவும் மங்கலான உடனொளிர்வே என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. அவ்வொளி முனைவாக்கம் பெற்றிருந்ததால் அது வேறு என்பது தெளிவாயிற்று. இராமன் நிறமாலையில் அலைநீளம் கூடிய வரிகள் ஸ்டோக்ஸ் வரிகள் எனப்படுகின்றன. அவருடைய விதிக்கு மாறாக அலைநீளம் குறைந்த வரிகளும் அதில் உண்டு. அவற்றின் பெயர் எதிர் ஸ்டோக்ஸ் வரிகள்.