விசிலுக்கும் படிப்பு உண்டு: ஹாரி பக்

விசில் ஊத யார் வேண்டுமானாலும் போதும் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆடத் தெரியாத பையன் கையில் விசிலைக் கொடுத்து நிறுத்துவோம். பத்து நிமிடத்தில் தகராறு. வெளியூர்ப் போட்டி ஒன்றில் அப்படி நின்ற ஜூனியர் தம்பி, வாங்கிய திட்டில் மைதானத்துப் பக்கமே வராமல் போனான். தப்பு அவனுடையது அல்ல, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தருவதையே வேலையாகக் கொண்டவர் ஹாரி குரோ பக். 1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1919-ல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்தார். மறு வருஷமே சென்னையில், விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான்.

அந்தக் காலப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்தான். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர். வரிசையில் நிறுத்தி கையைத் தூக்கச் சொன்னால் வகுப்பு முடிந்தது. பக் அந்த இடத்தில் விளையாட்டைக் கொண்டு வந்தார். விளையாட்டு வந்தால் விதி வேண்டும். விதி வந்தால் அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். ஊருக்கு ஒரு சட்டம் என்றிருந்தால் இரண்டு ஊர் எப்படி மோதுவது?

பாஸ்கெட்பாலும் ஒய்.எம்.சி.ஏ. வீட்டுப் பிள்ளைதான். 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று இருவர் உண்டு. ஒருத்தர் கண் போதாது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகப் போனார் பக். திரும்பி வந்து, மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கம் அமைக்கிற வேலையில் நோரன் என்பவரோடு சேர்ந்து உழைத்தார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. 1943-ல் சென்னையிலேயே காலமானார்.

நம் பொறியியல் கல்லூரிக்கு அக்கம்பக்கத்தில், அழகப்பர் தந்த வளாகத்திலேயே உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டு, மூன்று நாள் நடுவர் பயிற்சி முகாம் நடத்தலாம் என்பது என் யோசனை. முதல் நாள் விதிகள், அடுத்த நாள் நிற்கும் இடமும் கைச் சைகைகளும், மூன்றாம் நாள் முழு ஆட்டத்துக்கு விசில். ஸ்கோர் ஷீட் எழுதவும் இரண்டு பேரைத் தயார் செய்யணும். கூட்டம் முடிந்ததும் பாஸ்கெட்பால் கோர்ட் பக்கம் நிற்பேன்; விருப்பமுள்ள தம்பி தங்கைகள் வந்து பெயர் கொடுக்கலாம்.