தம்மீதே வழக்குத் தொடுத்தவர்

போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தவர் யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற அவர், 1912இல் யூதச் சிறார்களுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார்.

தண்டிக்கும் உரிமையைப் பெரியவர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், சிறார்களே நடுவர்களாக அமரும் நீதிமன்றத்தை அங்கு நிறுவினார். அதன் சட்டத்தொகுப்பின் தொடக்கப் பிரிவுகள் மன்னிப்பையே வழங்கின. இறுதியான ஆயிரமாவது பிரிவே இல்லத்தினின்றும் நீக்கியது. ஒருமுறை சிறுவன் ஒருவனை அடித்துவிட்ட கோர்ச்சாக், அம்மன்றத்தின்முன் தம்மீதே வழக்குத் தொடுத்தார். கண்டிப்பின் எல்லை கண்டிப்பவருக்கும் உரியது என்பதை அச்செயல் உணர்த்தியது.

1942 ஆகஸ்டில் நாஜிப் படையினர் அச்சிறார்களைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினர். தப்பும் வாய்ப்பிருந்தும் அதனை மறுத்த கோர்ச்சாக், அவர்களுடன் சென்று உயிர்நீத்தார்.