பாதைகளைக் கணக்கிட்ட மாக்ஸ் டேன்

1940ஆம் ஆண்டின் பிற்பகுதி. சைபீரியாவின் பனிவெளியைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்ற இரயிலில் ஒரு முதியவரும் அவருடைய மனைவியும் பயணம் செய்தனர். முதியவருக்குக் கடுமையான நிமோனியா. அவர்கள் செல்ல வேண்டிய இடம் அமெரிக்கா. நார்வேயிலிருந்து புறப்படுபவருக்கு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதுதான் நேர்வழி. ஆனால், போர்க்காலத்தில் அந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. ஆகவே, சுவீடன், பின்லாந்து, மாஸ்கோ, விளாடிவாஸ்டாக், ஜப்பான் என்று உலகின் மறுபக்கமாகச் சுற்றி, பசிபிக் பெருங்கடலையும் கடந்து, 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கினர்.

அந்த முதியவர்தான் மாக்ஸ் டேன். பாதைகளைப் பற்றி அவர் எழுப்பிய ஒரு கேள்வி, இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் ஒரு பெரும் பிரிவுக்கே வித்திட்டது. அவ்வளவு பெயர்பெற்ற பேராசிரியர் அந்த இரயிலில் ஏற நேர்ந்தது ஏன் என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மாக்ஸ் டேன் 1878ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பெர்ட்டிடம் பயின்று, 21 வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அந்த வயதில் அவர் செய்த இன்னொரு செயல்தான் அவரை உலகறியச் செய்தது.

ஒரே பரப்பளவுள்ள ஒரு சதுரத்தையும் ஒரு முக்கோணத்தையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். சதுரத்தைக் கத்தரிக்கோலால் சில துண்டுகளாக வெட்டி, அவற்றை மாற்றி அடுக்கி, அந்த முக்கோணத்தை உருவாக்க முடியும். நேர்க்கோடுகளால் ஆன எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும். அப்படியானால், கனவடிவங்களுக்கும் பொருந்துமா? ஒரு கனசதுரத்தை வெட்டி, அதே கன அளவுள்ள ஒரு நான்முகியை உருவாக்க முடியுமா? 1900ஆம் ஆண்டு ஹில்பெர்ட் புதிய நூற்றாண்டின் கணிதவியலாளர்களுக்கென 23 சிக்கல்களைத் தொகுத்தார். அவற்றுள் மூன்றாவது இத்தகைய கேள்விதான். முடியாது என்று அதே ஆண்டில் நிறுவினார் டேன். கனவடிவத்தின் விளிம்புகளின் நீளங்களையும் அவற்றில் முகங்கள் சந்திக்கும் கோணங்களையும் கொண்டு அவர் ஓர் அளவை உருவாக்கினார். எப்படி வெட்டினாலும், எப்படி ஒட்டினாலும் அந்த அளவு மாறுவதில்லை. ஆனால், கனசதுரத்தின் அளவு வேறு, ஒழுங்கு நான்முகியின் அளவு வேறு. ஆகவே, எத்தனை துண்டுகளாக வெட்டினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. 23 சிக்கல்களுள் முதலில் தீர்வு கண்டது இதுவே.

இந்த வெற்றிக்குப் பிறகும் அவருக்கு உடனே பெரிய பதவி கிடைத்துவிடவில்லை. பல ஆண்டுகள் மூன்ஸ்டர் நகரில் விரிவுரையாளராக இருந்தார். பின்னர்க் கீல், பிரெஸ்லாவ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். 1912இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மூன்று பிள்ளைகள் பிறந்தனர். முதல் உலகப் போரில் 1915 முதல் 1918 வரை ஜெர்மானியப் படையில் பணிபுரிந்தார். அவருடைய மிகச் சிறந்த ஆய்வுகள் அந்தப் போருக்கு முந்திய சில ஆண்டுகளில் வெளிவந்தவை.

அந்த ஆய்வுகளைப் புரிந்துகொள்ள ஒரு நகரத்தைக் கற்பனை செய்யுங்கள். சதுரங்கப் பலகையைப் போலத் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. ஒவ்வொரு சந்தியிலும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வழிகள். நீங்கள் செல்லும் வழியை எழுத்துகளால் எழுதலாம். ‘வ வ கி தெ தெ மே’ என்று எழுதினால், வடக்கே இரண்டு தெரு, கிழக்கே ஒன்று, தெற்கே இரண்டு, மேற்கே ஒன்று என்று பொருள். இப்படி எழுதப்பட்ட எழுத்துத் தொடரைக் கணிதவியலாளர்கள் ‘சொல்’ என்பர். இந்தச் சொல்லின்படி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவீர்களா? நடந்து பார்க்கத் தேவையில்லை. வடக்கும் தெற்கும் சம எண்ணிக்கையில் உள்ளனவா, கிழக்கும் மேற்கும் சமமா என்று எண்ணினால் போதும்.

இந்த நகரத்தில் கேள்வி எளிது. வேறு விதமாகத் தெருக்கள் அமைந்த நகரத்தில்?

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யக்கூடியவையும், செய்தபின் திரும்பப் பெறக்கூடியவையுமான செயல்களின் தொகுதியைக் கணிதத்தில் ‘குலம்’ என்று அழைப்பர். ஒவ்வொரு குலத்தையும் ஒரு நகர வரைபடமாக வரையலாம். சிறிய குலங்களுக்கு இத்தகைய படங்களை, டேன் பிறந்த அதே 1878இல், ஆர்தர் கேலி என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் அறிமுகப்படுத்தியிருந்தார். டேன் அந்தப் படங்களை முடிவே இல்லாத குலங்களுக்கும் விரிவுபடுத்தினார். எழுத்துகளால் மட்டுமே கையாளப்பட்ட குலங்களை அவர் கண்ணால் பார்க்கத் தொடங்கினார் என்று சொல்லலாம். 1911இல் வெளிவந்த கட்டுரையில், எந்தக் குலத்தைப் பற்றியும் கேட்கத்தக்க மூன்று கேள்விகளை முன்வைத்தார். அவற்றுள் முதலாவது, ஒரு சொல்லைக் கொடுத்தால் அது புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்குமா என்பதை வரையறுத்த எண்ணிக்கையிலான படிகளில் கண்டறியும் வழி உண்டா என்பது. இது ‘சொல் சிக்கல்’ எனப்படுகிறது. மற்ற இரண்டும் இதைவிடக் கடினமானவை.

கேள்வியை எழுப்பியதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஒருவகைக் குலங்களுக்கு மிக அழகான விடையைத் தந்தார். ஓட்டையுள்ள உளுந்து வடைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரட்டை வடையின் மேற்பரப்பில் ஓர் எறும்பு நூலை இழுத்தபடி ஊர்ந்து, புறப்பட்ட புள்ளிக்கே வருகிறது. அந்த நூல் வளையத்தைப் பரப்பைவிட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து ஒரு புள்ளியாகச் சுருக்க முடியுமா? ஓட்டையைச் சுற்றி வந்த நூல் சிக்கிக்கொள்ளும், மற்றது சுருங்கிவிடும். இந்த நூல்களுக்குரிய நகரத்தில் ஒவ்வொரு மனைத்தொகுதியும் எண்கோண வடிவம் கொண்டது. ஒவ்வொரு சந்தியிலும் எட்டு எண்கோணங்கள் சேர்கின்றன. நம் வீட்டுத் தரையில் இப்படி ஓடு பதிக்க முடியாது. ஒழுங்கு எண்கோணத்தின் ஒரு கோணம் 135 பாகை. மூன்றைச் சேர்த்தாலே 405 பாகை ஆகி, 360ஐத் தாண்டிவிடும். வேறு விதமாக வளைந்த வெளியில்தான் அந்த நகரம் அமையும்.

அந்த நகரத்தைப் பற்றி டேன் ஒரு வியப்பான உண்மையைக் கண்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதையில், சென்ற தெருவிலேயே உடனே திரும்பி வரும் இடம் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால், ஏதேனும் ஓர் எண்கோணத்தின் எட்டுப் பக்கங்களில் ஐந்தையாவது தொடர்ச்சியாகச் சுற்றிச் செல்லும் இடம் இருக்க வேண்டும். ஐந்து பக்கம் சுற்றுவதைவிட மறுபுறம் உள்ள மூன்று பக்கங்கள் வழியே செல்லலாம் அல்லவா? அப்படி மாற்றினால் பாதை குறுகும். குறுகிய பாதையில் மீண்டும் அதையே செய்யலாம். இறுதியில் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை என்றால், அது வீடு திரும்பும் பாதை. மேலும் குறைக்க முடியாமல் எழுத்துகள் மிஞ்சிவிட்டால், அது திரும்பாத பாதை. கணினி என்ற பொருளே இல்லாத 1912இல் உருவான இந்தச் செய்முறையில், கணினிக்குத் தரும் கட்டளைகளின் தெளிவு இருக்கிறது.

இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக உள்ள இரண்டு எளிய முடிச்சுகளை ஒன்றை மற்றொன்றாக மாற்ற இயலாது என்பதையும் 1914இல் குலங்களைக் கொண்டே நிறுவினார். அவர் தவறுகளும் செய்தார். 1908இல் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டதாக நினைத்தார். பிழை இருப்பதைச் சக ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். 1910இல் அவர் வெளியிட்ட ஒரு தேற்றத்தின் நிறுவலில் ஓட்டை இருப்பது 1929இல்தான் தெரியவந்தது. தேற்றம் சரியானதே; ஆனால் அதைக் குறையின்றி நிறுவ 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போதும் அது டேனின் பெயராலேயே வழங்குகிறது.

1921இல் பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவருடைய வாழ்வின் இனிய காலம் அது. அடுத்த ஆண்டு முதல் அங்கே கணித வரலாற்றுக்கென ஒரு கருத்தரங்கம் நடைபெற்றது. பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து அமர்ந்து பழைய நூல்களை அவை எழுதப்பட்ட மொழியிலேயே படித்தனர். மொழிபெயர்ப்பை நம்பாமல் யூக்ளிடைக் கிரேக்கத்திலேயே படிப்பது டேனுக்கு இயல்பானது. ஆய்வுக் கட்டுரைகளை விரைந்து வெளியிட்டுக் குவிக்கும் வழக்கம் அந்தக் குழுவுக்கு இல்லை. இன்றைய பல்கலைக்கழகங்களில் இதை நினைத்துப் பார்ப்பதுகூடக் கடினம்.

அவருடைய மாணவர் வில்ஹெல்ம் மாக்னஸ், ஒரே ஒரு விதியால் உருவாகும் குலங்கள் அனைத்துக்கும் சொல் சிக்கலை 1932இல் தீர்த்தார். டேன் எதிர்பார்த்தது படங்களால் ஆன தீர்வை. மாணவர் தந்ததோ முழுக்க முழுக்க இயற்கணிதம். படம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று ஆசிரியர் வியந்தாராம். மற்றொரு மாணவி ரூத் மௌஃபாங். பெண் என்பதால் ஹிட்லர் அரசு அவருக்குக் கற்பிக்க அனுமதி மறுத்தது. பிற்காலத்தில் அவர் அதே பிராங்க்ஃபர்ட்டில் முழுநிலைப் பேராசிரியரானார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதப் பேராசிரியர்கள் வரிசையாக நீக்கப்பட்டனர். நெடுநாள் அரசுப் பணியும் போர்ப்பணியும் டேனைச் சிறிது காலமே காத்தன. 1935இல் அவரும் நீக்கப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் வழிபாட்டுக் கூடங்களும் தாக்கப்பட்டபோது, அவரைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். ஆனால், நகரின் சிறைகளில் இடமே இல்லாததால் அன்று மாலையே விட்டுவிட்டனர். மீண்டும் வருவார்கள் என்பது தெரிந்ததே. டேனும் மனைவியும் வீட்டுக்குப் போகாமல், வில்லி ஹார்ட்னர் என்ற நண்பரின் இல்லத்தில் மறைந்திருந்தனர். யூதர்களுக்கு அடைக்கலம் தருவது எத்தகைய ஆபத்து என்பதை அறிந்தே அவர் கதவைத் திறந்தார். நண்பர் ஹெல்லிங்கர் அவ்வளவு நல்வாய்ப்புப் பெறவில்லை. தாஹாவ் வதைமுகாமில் சில வாரங்கள் அடைபட்ட பிறகே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது.

பிள்ளைகள் மூவரும் ஏற்கெனவே வெளிநாடுகளில் இருந்தனர். 1939இல் டேன் தம்பதியர் டென்மார்க் வழியாக நார்வேக்குச் சென்றனர். டிரான்ட்ஹைம் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குத் தற்காலிகப் பணி கிடைத்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயிலும் நுழைந்தது. அதன் பின்னரே அந்தச் சைபீரிய இரயில் பயணம்.

அமெரிக்காவில் உயிருக்கு ஆபத்தில்லை. தகுதிக்கேற்ற வேலைதான் இல்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அகதிகளாக வந்த அறிஞர்களோ ஏராளம். ஐடஹோ, சிகாகோ, அன்னபோலிஸ் என்று நான்கு ஆண்டுகளில் மூன்று இடங்கள் மாறினார். 1945இல் வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் சேர்ந்தார். அது ஓவியர்களும் இசைக் கலைஞர்களும் நிறைந்த சிறிய கல்லூரி. ஆசிரியர்களும் மாணவர்களும் பண்ணையில் சேர்ந்து உழைத்தனர். கணிதவியலாளர் என்று இருந்தவர் டேன் ஒருவரே. தங்குமிடமும் உணவும் போக, அவர் ஒப்புக்கொண்ட ஊதியம் மாதம் 40 டாலர்.

அங்கே அவர் கணிதத்துடன் தத்துவமும் கிரேக்கமும் கற்பித்தார். ஓவிய மாணவர்களுக்கென்றே வடிவியல் வகுப்பு நடத்தினார். மாணவர்களை மலைப்பாதைகளில் நடக்க அழைத்துச் சென்று, செடிகொடிகளிலும் நீரோட்டத்திலும் உள்ள கணிதத்தைக் காட்டினார். அந்த நடைகளே தம் ஓவியங்களுக்கு அடித்தளம் என்று, பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர் டொரொத்தியா ராக்பர்ன் நினைவுகூர்ந்துள்ளார்.

1948இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் சங்கம் அவரை மீண்டும் உறுப்பினராகச் சேர அழைத்தது. டேன் மறுத்துவிட்டார். 1935இல் நடந்தது போன்ற ஒன்று மீண்டும் நேர்ந்தால் சங்கம் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை என்பதே அவர் தெரிவித்த காரணம்.

1952ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், ஓய்வு பெற்ற சில நாள்களிலேயே, டேன் காலமானார். கல்லூரி வளாகத்தின் காட்டுக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தனர். ஐந்து ஆண்டுகளில் கல்லூரியும் மூடப்பட்டது.

1911இல் அவர் எழுப்பிய கேள்விக்குப் பொதுவான விடை 1955இல் கிடைத்தது. எல்லாக் குலங்களுக்கும் பொருந்தும் வழி எதுவும் இருக்கவே முடியாது என்று சோவியத் கணிதவியலாளர் பியோத்தர் நோவிகோவ் நிறுவினார். எந்தக் கணினியாலும் தீர்க்க முடியாத சொல் சிக்கலைக் கொண்ட குலங்கள் உள்ளன. அப்படியானால், ஐந்து பக்கங்களை மூன்றாக மாற்றிச் சுருக்கும் டேனின் வழி எந்தெந்தக் குலங்களுக்குப் பொருந்தும்? 1987இல் மிகைல் குரோமோவ் இதற்கு விடை தந்தார். எண்கோண நகரத்தைப் போல, தொலைவிலிருந்து பார்க்கும்போது வளைந்த வெளியாகத் தோன்றும் குலங்களுக்கெல்லாம் அது பொருந்தும். அவற்றுக்கு மட்டுமே பொருந்தும். அந்த நகரங்களில் எவ்வளவு நீண்ட பாதையைக் கொடுத்தாலும், அது வீடு திரும்புமா என்பதை இன்று கணினி டேனின் வழியில் கண்டறிந்து சொல்கிறது.