வீடு திரும்பும் கதை தந்தவர்



டிராகனும் பூதங்களும் வரும் கதையென்றால் நெஞ்சு படபடக்கும் என்றுதான் எண்ணுவோம். ஆனால், ‘தி ஹாபிட்’ என்னும் ஆங்கில நாவலைப் படித்தவர் உள்ளத்தில் நிலைத்து நிற்பவை, கணப்படுப்பின் கதகதப்பும் கொதிக்கும் தேநீரும் நிறைந்த உணவறையுமே. அந்நூலை ஆக்கிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், இளமையிலேயே வீட்டை இழந்தவர்.

அவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் பிறந்தார். தாய் மேபல், தம் இரு மைந்தருடன் இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், 1896இல் தந்தை அங்கேயே நோயுற்று மாண்டார். இளங்கைம்பெண்ணான அத்தாய், பர்மிங்காம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கிருந்த பழைய மாவாலையும் மரங்களும் வயல்களும் சிறுவனின் நெஞ்சில் பதிந்தன. லத்தீன் மொழியையும் ஓவியத்தையும் செடிகொடிகளின் இயல்பையும் அன்னையே கற்பித்தார்.

1900இல் மேபல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினர் சினந்து உதவியை நிறுத்தினர். வறுமையிலும் அவர் தளரவில்லை. ஆனால், 1904இல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோயிற்று. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது! பன்னிரண்டு வயதில் அநாதையான டோல்கீனையும் தம்பியையும் பிரான்சிஸ் மார்கன் என்ற குருவானவர் காப்பாளராக இருந்து பேணினார்.

1916இல், மணமாகிச் சில மாதங்களிலேயே, டோல்கீன் பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்திற்குச் சென்றார். பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே உயிர்த்தோழர் இருவரைப் போர் பலிகொண்டது.

1925இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். ஒருநாள் தேர்வுத்தாள்களைத் திருத்துகையில், மாணவர் ஒருவர் எழுதாமல் விட்ட வெற்றுத்தாளில், வளைக்குள் வாழும் ஹாபிட் ஒருவனைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது! அது கதையாக வளர்ந்தது. தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி மகிழ்வித்தார். கையெழுத்துப் படியைப் படித்து நன்றென்று கருத்தெழுதியவன், பதிப்பாளரின் பத்து வயது மகன் ரேனர். அவன் பெற்ற கூலி ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பர் 21இல் நூல் வெளிவந்தது.

கதைத் தலைவன் பில்போ வீரனல்லன். வேளைக்கு உண்டு அமைதியாய் வாழ்பவன். பதின்மூன்று குள்ளர்களோடு புதையல் தேடிப் புறப்பட்டவன், கைக்குட்டையை மறந்ததற்கே கலங்குகிறான். வழிநெடுக வீட்டை எண்ணி ஏங்குகிறான். ஆயினும், போரைத் தடுக்கும் பொருட்டு, கையிலிருந்த விலைமதிப்பற்ற மணியையே விட்டுக்கொடுக்கிறான். திரும்பி வந்தால், அவன் இறந்துவிட்டதாகக் கருதி, வீட்டுப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்! சில பொருள்களைப் பணங்கொடுத்தே மீட்கிறான். ஆனாலும், தன் அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் ஓசை முன்னைவிட இனிதாக ஒலிக்கிறது.

தோழியரே, அந்நூலின் கவர்ச்சி இதுவே. அச்சத்தை மறைக்காமல் காட்டி, பின்னர் வீட்டுவாசலில் கொண்டுவந்து சேர்க்கிறது. இழந்தவருக்கே வீட்டின் அருமை தெரியும்.

1954-55இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெருங்கதையையும் தந்த டோல்கீன், 1973 செப்டம்பர் 2ஆம் நாள், தம் 81ஆம் வயதில் மறைந்தார். தாமிழந்த இல்லத்தை ஏட்டில் கட்டி, உலகக் குழந்தைகளுக்கெல்லாம் அதன் கதவைத் திறந்து வைத்தார். இன்று மாலை நம் வீட்டுப் படியேறும்போது அவரை ஒரு கணம் நினைப்போமா?